சிறகைப் பற்றவைத்தது யார் கை?

சாந்தம்மாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும், அப்புறம் காது. அன்று காலை அந்த வணிக வளாகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையும்போதே இரண்டும் சிவந்திருந்தன.

சாந்தம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்துகளை ஆராயும் வேலையில் இருந்தபோது, பொய் அறிக்கை எழுதச் சொன்ன மேலதிகாரியின் தலையில் தண்ணீர் ஜாடியைக் கவிழ்த்துவிட்டு வேலையை உதறியவள் அவள். கூட வேலை பார்த்தவர்கள் குசும்பாக வைத்த பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது தனியாகத் துப்பறிகிறாள். கூடவே ஓர் உதவியாளன். முப்பது தாண்டிய ஆள். தூக்கத்தில்கூட வாய் மூடாதவன் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

கூடத்தின் நடுவே அந்த இரும்புப் பறவை நின்றது. வலது சிறகு கூரையை நோக்கி விரிந்திருக்க, இடது சிறகு தரையில் கிடந்தது. சுற்றிலும் போலீஸ் கயிறு. போன வாரம் அது விழுந்தபோது கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் வளாகத்தின் காவலாளி. உயிர் பிழைத்துவிட்டார். ஒரு காலை மட்டும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"பறவைன்னு சொல்லி வச்சாங்க மேடம். சொன்ன மாதிரியே பறந்துருச்சு. இறங்கத்தான் தெரியல" என்றான் ரேடியோ.

சாந்தம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் ஓரடி பின்னால் போனான்.

"கால் போன மனுஷன் ஆஸ்பத்திரியில கிடக்கறார்டா."

"மன்னிச்சிருங்க மேடம். மனசு கஷ்டமா இருந்தா எனக்கு வாய் தானா ஓடுது."

கஷ்டமாகத்தான் இருந்தது. பறவையை வடிவமைத்தவர் புகழ்பெற்ற சிற்பி. விழுந்த அன்றே தொலைக்காட்சியில் தோன்றி, "வடிவம் என்னுடையது. வெல்டிங் கூலிக்கு வந்தவர்களுடையது. அவர்களுடைய அலட்சியத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்று கைகளை விரித்தார். மறுநாள் வெல்டர் கைதானார். அதற்கு மறுநாள், நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டும் விட்டார். இன்று மத்தியானம் நீதிபதி முன்னால் அதையே சொல்லப் போகிறார். அங்கே ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் அதைத் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு.

அப்பாவை எப்படியாவது வெளியே கொண்டுவாருங்கள் என்று சாந்தம்மாவிடம் வந்தவள் வெல்டரின் மகள். அவளும் வெல்டர்தான். ஆனால் உடைந்த அந்த இணைப்பை யார் போட்டது என்று கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி இருந்துவிடுகிறாள். கட்சிக்காரியே பேசாவிட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது? அந்தக் கடுப்பில்தான் சாந்தம்மா விழுந்த இடத்தையாவது பார்ப்போம் என்று வந்திருந்தாள்.

பார்த்ததும் ஒன்று கண்ணை உறுத்தியது. பறவைக்குப் பின்னால் சுவரில், ஆள் உயரத்தில் எதையோ வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் கேட்டாள். "அது என்னம்மா?"

"சிற்பி சாரோட போட்டோ மேடம். சிறகு விழுந்ததுமே ஓடி வந்தாரு. முதல்ல இதை மூடுங்கன்னாரு."

"விழுந்த சிறகை மூடச் சொன்னாரா?"

"இல்லையே."

"தரையில இருந்த ரத்தத்தை?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "அதை நாங்களேதான் கழுவினோம்."

சாந்தம்மா விறுவிறுவென்று போய்த் துணியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். படத்தில் சிற்பி ஏணி மேல் நின்றிருந்தார். தலைக்கு மேலே இடது சிறகின் அடிப்பகுதி. உயர்த்திய கையில் வெல்டிங் ராடு, அதன் நுனியில் நீலமும் வெள்ளையுமாக நெருப்பு. முகத்தை மறைக்க வேண்டிய கண்ணாடி மூடி நெற்றிக்கு மேலே தொப்பி மாதிரி ஏறியிருந்தது. கீழே முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு சிரிப்பு. படத்துக்கு அடியில் பெரிய எழுத்தில், 'ஒவ்வொரு இணைப்பும் என் கையால்.'

"பறவை நல்லா இருந்தவரைக்கும் என் கை. விழுந்ததும் கூலிக்காரன் கை. இந்த மனுஷனுக்கு எத்தனை கை மேடம்?" என்றபடி ரேடியோ செல்போனில் படத்தைப் படம் எடுத்துக்கொண்டான். "அந்த வெட்கத்துலதான் மூடச் சொல்லியிருப்பாரு."

"வெட்கம் இருக்கறவன் டிவியில அப்படிப் பேசுவானா? இதை யாரும் உத்துப் பாத்துடக் கூடாதுன்னு மூடியிருக்கான். எதைப் பாத்துடக் கூடாதுன்னுதான் எனக்கு இன்னும் புரியல. வண்டியை எடு."

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் ஓர் அழகான இரும்புக் குதிரை நின்றது. யார் கொடுத்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் அடியில் சிற்பியின் கையெழுத்து இருந்தது.

"உடைஞ்ச இணைப்பை நான் பாக்கணும்" என்றாள் சாந்தம்மா.

"வெட்டி எடுத்து சீல் வச்சு சோதனைக்கு அனுப்பியாச்சு. ரிப்போர்ட் வர மாசக்கணக்காகும்."

"அனுப்பறதுக்கு முன்னாடி வெல்டர்கிட்ட காட்டினீங்களா? இது உங்க வேலைதானான்னு கேட்டீங்களா?"

"குத்தவாளிகிட்ட எதுக்கு மேடம் காட்டணும்? அதான் ஒத்துக்கிட்டாரே."

சாந்தம்மாவின் காது சிவப்பதைக் கவனித்த ரேடியோ, மேஜைமேல் இருந்த தண்ணீர் ஜாடியை எதற்கும் இருக்கட்டும் என்று தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டான்.

வெல்டர் கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அகலமான உடம்பு, நரைத்த தாடி. கைகள் முழுக்கத் தீப்பொறி தெறித்த சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

"எப்படிப் போட்டீங்க அந்த இணைப்பை?" என்று கேட்டாள்.

"ஏணில ஏறி, தலைக்கு மேல கையைத் தூக்கிப் போட்டேங்க. சரியாப் பிடிக்கல போல. தப்பு என்னுதுதான். எம் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"உங்க பொண்ணைப் பத்தி நான் கேக்கவே இல்லையே."

வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அறையில் மின்விசிறி இல்லை. நெற்றியில் வழிந்த வியர்வை கண்ணில் இறங்கியது. இடது கை கம்பியைப் பிடித்திருந்தது. வலது கையை அவர் நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை. தலையை நன்றாகக் குனிந்து, நெற்றியைக் கைக்குக் கொண்டுவந்து துடைத்துக்கொண்டார்.

சாந்தம்மா எழுந்துவிட்டாள். வெளியே வந்ததும் ரேடியோவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "அவருக்கு வலது கை தோளுக்கு மேல எழும்பாது. நெத்தி வியர்வையைத் துடைக்க முடியாத ஆள், தலைக்கு மேல ராடைப் பிடிச்சு வெல்டிங் போட்டாராம்!"

"அப்ப பொய் சொல்லி எதுக்கு மேடம் ஜெயிலுக்குப் போறாரு? உள்ள சாப்பாடு நல்லாருக்குன்னு யாராவது சொல்லிட்டாங்களா?"

"பெத்த பொண்ணு போட்ட வேலைன்னு நினைக்கறார். அதான் தலையைக் குடுக்கறார். கிளம்பு பட்டறைக்கு."

பட்டறைக்குள் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. வெல்டரின் மகள் ஓர் இரும்புக் கதவைக் கிடத்தி வைத்து ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சட்டைப் பட்டனுக்கு மேலே, முக்கோணமாக ஒரு கறுப்பு. வருஷக்கணக்காக நெருப்பு வெளிச்சம் பட்டுப் பட்டு வந்த கறுப்பு அது. பின்னால் சுவரோரம் நின்ற ஒரு கம்பித் தடுப்பைப் பார்த்து ரேடியோகூட ஒரு நிமிஷம் பேசாமல் நின்றான். கொடியும் இலையுமாக வளைந்த கம்பிகள். அவை சேரும் இடத்திலெல்லாம் வெல்டிங் ஓடிய தடத்தைத் தேய்க்காமல் விட்டிருந்தாள். அலை அலையாக, ஒரே அளவில், சடை பின்னின மாதிரி ஓடியது அந்தத் தடம். கொடிக்கு அழகே அதுதான்.

"இதை யாருக்குப் பண்ண?" என்றாள் சாந்தம்மா.

"எனக்கு" என்றாள் அவள் கிரைண்டரை நிறுத்தாமலே. "சிற்பி சாருக்கு இது பிடிக்காது. பறவைல ஒரு தடம் தெரியக் கூடாது, எல்லாம் தழும்பு மாதிரி அசிங்கமா இருக்குன்னு அத்தனையும் தேய்க்க வச்சாரு. நாங்க செஞ்சது தெரிஞ்சா அசிங்கம், அவர் பேரு தெரிஞ்சா கலை."

"உங்கப்பாவுக்குத் தோள் எப்பலேருந்து இப்படி?"

கிரைண்டர் நின்றது. "அவர் சொன்னாரா?"

"கை சொல்லிச்சு. அப்ப தலைக்கு மேல போடற வேலையெல்லாம் நீதானே போடற?"

"ஆமா."

"இடது சிறகோட அடி இணைப்பு?"

அவள் கையுறையைக் கழற்றித் தரையில் வீசினாள். "எத்தனை தடவை கேட்டாலும் சொல்ல மாட்டேன். எங்கப்பாவைக் காட்டிக்குடுக்க மாட்டேன். உங்களால முடிஞ்சா வெளிய கொண்டாங்க, இல்லன்னா விடுங்க!"

"அப்பாவைக் காட்டிக்குடுக்கறதா?" சாந்தம்மாவும் குரலை உயர்த்தினாள். "அடிப்பாவி, அவர் உன்னைக் காப்பாத்தறதுக்குன்னு அங்க பொய் சொல்லிட்டு உக்காந்திருக்கார்!"

"என்னையா? என்னை எதுக்குக் காப்பாத்தணும்?"

"அந்த இணைப்பை நீ போட்டன்னு."

மகள் வேகமாகத் தலையை ஆட்டினாள். "நான் போடலியே. அது போட்ட அன்னிக்கு, மே மாசக் கடைசி நாள், நான் வெல்டிங் லைசென்ஸ் பரீட்சைக்குப் போயிருந்தேன். அதுக்கு முன்னாடி நாள் சிறகைத் தூக்கி நிறுத்தித் தற்காலிகமா முட்டு குடுத்துட்டுத்தான் போனேன். வந்து பாத்தா இணைப்பு முடிஞ்சு, தேய்ச்சு, மேல பளபளன்னு பெயிண்டும் அடிச்சிருக்கு. முட்டுக் கம்பியையும் எடுத்தாச்சு. அப்பாதான் வீம்புக்கு ஏணி ஏறிட்டார்னு நினைச்சேன்."

"அன்னிக்கு அவர் எங்க இருந்தார்?"

"இங்கதான், வாலுக்குத் தகடு வெட்டிட்டு இருந்தேன்னு சொன்னாரு. தோள் வலியை மறைக்கறதுக்காக அப்படிச் சொல்றார்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றான் ரேடியோ.

"எங்க பட்டறைல அது வழக்கம் இல்ல. ஒருத்தர் போட்ட இணைப்பு மேல இன்னொருத்தர் கை வைக்கறதில்ல, அதைப் பத்திக் கேக்கறதும் இல்ல. கேட்டா, உன் வேலை மேல எனக்கு நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான். தோள் விழுந்துபோன மனுஷன்கிட்ட போய், சரியாப் போட்டியான்னு கேக்கச் சொல்றீங்களா?"

சாந்தம்மாவுக்கு அந்த வழக்கத்தின் மீதே எரிச்சல் வந்தது. அப்பன், மகள் முன்தினமே முடித்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டான். மகள், அப்பன் முடித்ததாக நினைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் இரண்டு பேரும் போடவில்லை என்றால் மூன்றாவதாக ஒரு கை இருக்க வேண்டும்.

"ரேடியோ, அந்தப் போட்டோவைக் காட்டு."

செல்போனை வாங்கிப் பார்த்த மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. "இது சும்மா போஸு. நெருப்பைக் கம்ப்யூட்டர்ல ஒட்டியிருப்பாங்க."

"எப்படிச் சொல்ற?"

"மூஞ்சியைத் திறந்து வச்சுக்கிட்டு யாராவது வெல்டிங் போடுவாங்களா? அப்ப ஒண்ணும் தெரியாது. ராத்திரி ஆனதும் கண்ணுல மணலை அள்ளிக் கொட்டின மாதிரி எரியும். விளக்கைப் பாக்க முடியாது. பெரிய பெரிய ஆளெல்லாம் ஓன்னு அழுதுட்டுக் கிடப்பாங்க. புதுசா தொழிலுக்கு வர்ற எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது."

சாந்தம்மாவின் மூக்கு சிவந்தது. மூடாத அந்த முகத்தை மறைக்கத்தான் சிற்பி துணி போட்டான் என்பது இப்போது புரிந்துவிட்டது. நெருப்பு பொய்யா நிஜமா என்பது ஒன்றுதான் பாக்கி.

சிற்பியின் வீட்டு வரவேற்பறையில் இன்ஸ்பெக்டர் சோபாவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் சாந்தம்மாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது.

"விசாரணை முடிஞ்சுதா இன்ஸ்பெக்டர், இல்ல டீ முடிஞ்சதும் முடியுமா?"

"சாருக்கு ஆறுதல் சொல்ல வந்தேன் மேடம். மனசு உடைஞ்சு போயிருக்கார்."

மனசு உடைந்த சிற்பி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், தலைமுடியைப் பின்னால் வாரிக் கட்டிக்கொண்டு பளிச்சென்று இருந்தார். "உட்காருங்கம்மா. அந்தப் பறவை என் குழந்தை. அதன் சிறகை ஒருவன் அலட்சியத்தால் முறித்துவிட்டான்."

"காவலாளிக்குக் காலும் முறிஞ்சுது. அதைச் சொல்ல மறந்துட்டீங்க. பரவால்ல. சுவத்துல ஒரு போட்டோ இருக்கே, நீங்க அந்தச் சிறகுக்கு வெல்டிங் போடற மாதிரி?"

சிற்பி தயாராகத்தான் இருந்தார். "அதுவா? விளம்பரத்துக்காக எடுத்தது. நெருப்பெல்லாம் கம்ப்யூட்டர் வேலை. உண்மையைச் சொல்லவா? நான் வாழ்நாளில் ராடைத் தொட்டதே இல்லை. நான் சிந்திப்பவன். செய்பவர்கள் வேறு."

"ஒவ்வொரு இணைப்பும் என் கையால்னு போட்டிருக்கே?"

"அது உருவகம் அம்மா."

"விழுந்தது உருவகம் இல்லீங்களே சார், முழுசா இரும்பு" என்றான் ரேடியோ.

இன்ஸ்பெக்டர் கோப்பையை டக்கென்று வைத்தார். "போதும் மேடம். சாரே வெளிப்படையா ஒத்துக்கறார், தொட்டதே இல்லன்னு. வேற என்ன வேணும்?"

மனுஷன் சாமர்த்தியசாலி. கலைஞன் என்ற பேர் போனாலும் போகட்டும், குற்றவாளி என்ற பேர் வராமல் இருந்தால் சரி என்று ஒரே நொடியில் கணக்குப் போட்டுவிட்டார். சாந்தம்மா பல்லைக் கடித்தாள். ரேடியோவைப் பார்த்து ஒரு கண்ணைக் கசக்கிக் காட்டினாள்.

ரேடியோவுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. "ஐயோ மேடம்! பட்டறையில பாத்த நெருப்பு! கண்ணு எரியுதே, மணலைக் கொட்டின மாதிரி எரியுதே!" என்று இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டு அலறியபடி, மேஜை நாற்காலியில் எல்லாம் இடித்துக்கொண்டு, தண்ணீர் கேட்டுச் சமையலறைப் பக்கம் போய்விட்டான்.

கூடத்தில் சிற்பி இரும்பின் ஆன்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சாந்தம்மா கேட்டுக்கொண்டிருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் சமையலறையில் இருந்தது. கத்தி நறுக்கும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்மணி ரேடியோவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் தலையை அண்ணாந்து வைத்திருந்தான். இரண்டு கண்கள் மேலும் வட்ட வட்டமாக உருளைக்கிழங்கு வில்லைகள் இருந்தன.

"அப்படியே சாஞ்சு உக்காருங்க தம்பி. இதை வச்சா எரிச்சல் சட்டுனு அடங்கும்" என்றாள் அவள். சிற்பியின் மனைவி.

"கைவைத்தியமெல்லாம் நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்களேம்மா" என்றாள் சாந்தம்மா.

"பட்டுத் தெரிஞ்சுகிட்டதுதான். இவருக்கு இதே மாதிரி வந்து ஒரு ராத்திரி முழுக்க நான் தூங்கல. விளக்கைப் போட்டா கத்தறார், அணைச்சா அழறார். தூசி விழுந்துருச்சுன்னார். பக்கத்து வீட்டு நர்ஸ்தான் இதை நறுக்கி வைக்கச் சொன்னாங்க."

"நீ உள்ளே போ" என்றார் சிற்பி.

அந்தக் குரல் அந்த அம்மாவுக்குப் புதிதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் போகத் திரும்பியவளைச் சாந்தம்மா விடவில்லை. "இருங்கம்மா. அது எப்பன்னு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? மே மாசக் கடைசி நாள், நான் பள்ளிக்கூட வேலையிலேருந்து ஓய்வு பெற்ற அன்னிக்கு. எனக்கு விழா வச்சிருந்தாங்க. காலையில அந்தச் சிறகு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு வர்றேன்னு போனார். என் தம்பிதான் எடுத்துக் குடுத்தான். சாயங்காலம் கண்ணைத் திறக்க முடியலன்னு படுத்துட்டார். விழாவுக்கு நான் தனியாத்தான் போனேன்."

"நான் சொல்வதைக் கேட்டு உள்ளே போ!"

"கத்தாதீங்க சார்" என்று சாந்தம்மா எழுந்தாள். "இன்ஸ்பெக்டர், டீ ஆறினாலும் பரவால்ல, இதைக் கேளுங்க. கம்ப்யூட்டர்ல ஒட்டின நெருப்பு யார் கண்ணையும் சுடாது. ராடைத் தொட்டதே இல்லன்னு இப்பத்தான் உங்க முன்னாடி சொன்னார். தொடாத மனுஷனுக்கு வெல்டிங்காரன் வியாதி எப்படி வந்துச்சு? அப்பனும் மகளும் பக்கத்துல இல்லாத ஒரே நாள் அது. அன்னிக்குத்தான் அந்தச் சிறகு ஒட்டியிருக்கு. அதே இடத்துல, அதே ஏணியில இவர் நிக்கறார், முகத்தை மூடாம. மூடினா பல்லு தெரியாதே!"

ரேடியோ ஒரு கண்ணிலிருந்து வில்லையை எடுத்துவிட்டுப் பார்த்தான். இதைக் காணாமல் விடுவதற்கு அவனுக்கு மனம் வரவில்லை.

சிற்பி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மேடைத் தமிழ் எங்கேயோ பறந்துவிட்டது. "ஒண்ணே ஒண்ணுதான்! போட்டோவுக்காக ஒண்ணே ஒண்ணு போட்டேன்! அந்தப் பறவையில ஆயிரம் இணைப்பு இருக்கு, நான் போட்டது ஒண்ணே ஒண்ணு! அதுக்குப் போய்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்து தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"சரியாப் பிடிக்கலன்னு தெரிஞ்சுதா இல்லையா?" என்று கத்தினாள் சாந்தம்மா. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"கொழகொழன்னு சொட்டுச் சொட்டா வந்துச்சு. பாக்கவே நல்லா இல்ல. அதான் தேய்ச்சுப் பெயிண்ட் அடிச்சுட்டு முட்டுக் கம்பியை எடுத்துட்டேன். சிறகு நின்னுச்சு. நின்னுடுச்சேன்னு விட்டுட்டேன்."

"அந்தப் பொண்ணு மறுநாளே வந்தாளே. இதை ஒரு தடவை சரி பண்ணும்மான்னு சொல்ல வாயில்லையா உங்களுக்கு?"

"சிரிச்சிருப்பா" என்றார் சிற்பி. "அவளுக்கு நான் வருஷக்கணக்கா உத்தரவு போட்டிருக்கேன். தடம் அசிங்கமா இருக்கு, தேய், தேய்னு சொல்லியிருக்கேன். நான் போட்டதைப் பாத்திருந்தா சிரிச்சிருப்பா."

ஒரு பெண் சிரித்துவிடுவாளே என்று ஒருவனுடைய காலைப் பலி கொடுத்து, இன்னொருவனைக் கம்பிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கிறார் மனுஷன். எதையாவது எடுத்து வீச வேண்டும் போலிருந்தது சாந்தம்மாவுக்கு. அவளுக்கு முன்னால் சிற்பியின் மனைவி பேசிவிட்டாள். "நான் ஸ்டேஷனுக்கு வர்றேன் இன்ஸ்பெக்டர். எங்க சொல்லணுமோ அங்க வந்து சொல்றேன். செருப்பை மாட்டிக்கிட்டு வந்துடறேன்."

நீதிமன்ற வண்டி வருவதற்கு முன்பே வெல்டரை வெளியே விட்டுவிட்டார்கள். காவல் நிலைய முற்றத்தில் மகள் காத்துக்கொண்டிருந்தாள். கட்டிப் பிடித்து அழுவார்கள் என்று நினைத்த ரேடியோ, கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்திருந்தான்.

மகள் நேராகப் போய் அப்பா முன்னால் நின்றாள். "நான் போட்ட இணைப்பு உடையும்னு நீ எப்படிப்பா நம்பின?"

வெல்டர் திகைத்துப் போனார். "உன்னைக் காப்பாத்தத்தானே..."

"அதைக் கேக்கல! என் வேலை உடையும்னு உனக்கு எப்படித் தோணுச்சு? எனக்குக் கத்துக்குடுத்ததே நீதானே?"

"நீ மட்டும் என்ன?" அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "தோள் போன கிழவன், வீம்புக்கு ஏறிச் சொதப்பிட்டான்னு நினைச்சல்ல?"

"ஆமா, நினைச்சேன்!"

"நானும் நினைச்சேன்!"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரேடியோ சமாதானம் சொல்லக் கிளம்பினான். சாந்தம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து வெல்டர் தணிந்த குரலில், "சரி, விடு. வீட்டுக்குப் போலாம் வா. நம்ம மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சுல்ல" என்றார்.

"இல்லையாப்பா?" என்றாள் மகள். "பெயிண்டுக்கு அடியில என்ன இருக்குன்னு ஒரு தடவை சுரண்டிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நீ போட்டியா, நான் போட்டேனான்னு நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டிருந்தா, அந்தக் காவலாளிக்கு ரெண்டு காலும் இருந்திருக்கும்."

வெல்டர் வியர்வையைக்கூடத் துடைக்காமல் நின்றார். காலையிலிருந்து சாந்தம்மா சேர்த்து வைத்திருந்த கோபத்தில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. அதை யார் மேல் கொட்டுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார் வெல்டர்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. போய் என்ன சொல்லுவ?"

"இதைத்தான். நீ இப்ப சொன்னதை."

அவர் முன்னால் நடந்தார். மகள் நின்று பார்த்தாள், பிறகு வேகமாக நடந்து அவரைத் தாண்டிப் போனாள்.